வாலிகண்டபுரத்தில் விழுந்தவர்கள்

1751ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பெரம்பலூருக்கு வடக்கே, வாலிகண்டபுரத்துக்கும் ரஞ்சன்குடிக் கோட்டைக்கும் இடைப்பட்ட வெளியில் நடந்த சண்டையைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கர்நாடகப் போரின் பெரிய நாடகத்தில் அது ஆற்காட்டு முற்றுகைக்கு முன் வரும் சிறு காட்சி. ஆற்காட்டு நவாபு பட்டத்துக்கு உரிமை கோரிய சந்தா சாகிபு பிரெஞ்சுக்காரர் துணையோடு திருச்சியை நோக்கி வந்தார். திருச்சிக் கோட்டைக்குள் இருந்த முகமது அலிக்காக ஆங்கிலக் கும்பினியின் படை வழிமறிக்கப் போனது, தோற்றுத் திரும்பியது. படைக்குத் தானியமும் வண்டியும் தேடித் தரும் பொறுப்பில் இருந்த ராபர்ட் கிளைவ் அந்தத் தோல்வியை நேரில் கண்டார். சில வாரங்களில் ஆற்காட்டைப் பிடித்துப் பெயர் வாங்கினார். இந்தத் தொடரின் இப்பகுதி கிளைவைப் பற்றியது அல்ல. அந்த வெளியில் விழுந்து எழாதவர்களின் பெயர்கள் ஏன் எந்தக் கல்லிலும் இல்லை என்பதுதான் இங்கே கேள்வி. வீரம் குறைந்ததாலோ, காலம் அழித்ததாலோ, சமயம் வேறானதாலோ அவர்கள் மறக்கப்படவில்லை என்பது என் வாதம். ஒருவரின் பெயரை எழுதி வைத்தாக வேண்டிய அவசியம் ஏதோ ஓர் அலுவலகத்துக்கு இருந்தபோது அந்தப் பெயர் தங்கியது. அவசியம் இல்லாதபோது போனது. இது உண்மையானால், இரண்டே முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும் திருத்தக்கூடிய குறை இது.

சண்டையைப் பற்றிய முதன்மையான ஆங்கிலச் சான்று ராபர்ட் ஓர்ம் எழுதிய படை வரலாறு. அதன் முதல் தொகுதி 1763இல், கலந்துகொண்ட பலர் உயிரோடிருந்த காலத்திலேயே வெளிவந்தது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்து கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையில் புறப்பட்ட படையில் ஐரோப்பியர் 500 பேர், ஆப்பிரிக்கர் 100 பேர், சிப்பாய்கள் 1,000 பேர், 8 பீரங்கிகள் என்று அவர் கணக்குத் தருகிறார். அந்த ஆப்பிரிக்கரை அக்காலப் பதிவுகள் காப்பிரிகள் என்று குறிக்கும். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்தும் கப்பலேற்றப்பட்டவர்கள். பலர் அடிமைகளாக விற்கப்பட்டு வந்தவர்கள். வாலிகண்டபுரத்து மலைக்கோட்டை, அதாவது இன்றைய ரஞ்சன்குடி, ஒரு கோட்டைத் தலைவரின் கையில் இருந்தது. இரு தரப்புத் தூதரையும் வரவேற்றுப் பேசிக்கொண்டே அவர் இரண்டு வாரம் போல் நாள் கடத்தினார். முடிவில் பிரெஞ்சுத் தரப்புக்கு இடம் கொடுத்தார். பீரங்கிச் சண்டை தொடங்கிய சற்று நேரத்தில் ஆங்கிலப் படையின் ஐரோப்பியப் பிரிவு கலங்கி ஓடத் தொடங்கியது. ஜிஞ்சன்ஸ், டால்டன், கில்பாட்ரிக், கிளைவ் ஆகிய அதிகாரிகள் தடுத்தும் நிற்கவில்லை. முகமது அலியின் தம்பி அப்துல் வகாப் கான் குதிரையில் வந்து, என் ஆட்கள் இன்னும் களத்தில் நிற்கிறார்களே என்று அவர்களைக் கடிந்துகொண்டார். இதற்கு அடுத்து ஓர்ம் சொல்லும் செய்திதான் இந்தப் பகுதியின் மையம். ஐரோப்பியர் விலகிய பிறகும் ஆப்பிரிக்கர் பிரிவு சிறிது நேரம் களத்தில் நின்றது. பிறகு ஒழுங்கு குலையாமல், தங்கள் பக்கத்தில் இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் தூக்கிக்கொண்டு திரும்பியது.

ஓர்ம் ஆங்கிலேயர், கும்பினியின் பெருமையை எழுத உட்கார்ந்தவர். தன் நாட்டாருக்கு அவமானமான செய்தியை அவர் மறைக்காமல் எழுதியதாலேயே அதை நம்பலாம். ஆனால் எழுதியவர் அதிகாரிகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார். களத்தில் கடைசி வரை நின்று இறந்தவரைத் தூக்கி வந்த ஒருவரின் பெயரைக்கூட எழுதவில்லை. அவர் வேண்டுமென்றே விட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த ஆவணங்களிலேயே அந்தப் பெயர்கள் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். தூக்கி வந்த உடல்களை எங்கே புதைத்தார்கள் என்பதையும் அவர் சொல்வதில்லை. தோற்ற படை ஊட்டத்தூர்க் கணவாய்ப் பக்கம் பின்வாங்கி, பிறகு கொள்ளிடம் தாண்டித் திருச்சி மதிலுக்குள் அடைந்தது. அப்படி ஓடும் படைக்கு வழியோரம் தவிர வேறு இடுகாடு ஏது? அன்று இந்த வட்டாரத்தில் தேவாலயமே இல்லை என்பதும் இல்லை. வீரமாமுனிவர் எழுப்பிய அடைக்கல மாதா ஆலயம் ஏலாக்குறிச்சியில் இருந்தது. ஆனால் அது குடியானவக் கிறிஸ்தவர்களின் ஆலயம். கும்பினிப் படையின் பாதிரியும் பதிவேடும் அங்கே கிடையாது. திருச்சிக் கோட்டைக்குள் சுவார்ட்ஸ் ஐயர் கிறிஸ்து ஆலயத்தை எழுப்பியது 1766இல், சண்டை முடிந்து 15 ஆண்டுக்குப் பிறகு. கண்டோன்மெண்டில் பேராயர் ஹீபர் 1826இல் அடக்கமான தூய யோவான் ஆலயம் அதற்கும் அடுத்த தலைமுறையின் கட்டடம். படைக்கென்று ஓர் ஆலயமும் வளாகமும் எழுவதற்கு முன் இறந்தவர்கள் வாலிகண்டபுரத்தார்.

அப்படியானால் ஆலயம் இருந்திருந்தால் பெயர்கள் தங்கியிருக்குமா? இதற்குச் சென்னைக் கோட்டையின் தூய மரியாள் ஆலயம் விடை தருகிறது. 1680 அக்டோபர் 28இல் திறக்கப்பட்ட அந்த ஆலயத்தில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடுகள் அன்று தொடங்கியே உண்டு. இந்தப் பதிவேடுகள் பக்தியால் மட்டும் எழுந்தவை அல்ல. கும்பினி ஊழியர் ஒருவர் இறந்தால் அவருடைய சம்பளப் பாக்கி, கடன், உயில், லண்டனில் இருக்கும் வாரிசு என்று பல கணக்குகளைத் தீர்க்க வேண்டியிருந்தது. இறந்த நாளும் பெயரும் எழுத்தில் இல்லாவிட்டால் வழக்கு வரும். ஆகவே சாதாரண ஐரோப்பியப் படைவீரனின் பெயரும் அந்த ஏட்டில் ஏறியது. கல்லில் ஏறியதா என்றால் இல்லை. கல்லுக்குக் காசு வேண்டும். வளாகத்தில் கிடக்கும் பலகைக் கற்கள் வணிகர்கள், அதிகாரிகள், அவர்களுடைய மனைவி மக்கள் ஆகியோருடையவை. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905இல் வெளியிட்ட பெரிய பட்டியலைப் புரட்டினாலும் இதே வரிசைதான் தெரியும். வரலாற்று முக்கியத்துவம் உள்ள வாசகங்களைத் தேடிச் சேர்த்த பட்டியல் அது. காசு கொடுத்து வெட்டிய வாசகங்களிலிருந்துதானே தேட முடியும். வெள்ளையரிலேயே ஏழைக்கு ஏடு கிடைத்தது, கல் கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு வெள்ளையருக்கெல்லாம் கல், கறுப்பருக்கு எதுவும் இல்லை என்று எழுதினால் அது பாதி உண்மையாகவே நிற்கும்.

சிப்பாய்களின் நிலை ஏட்டுக்கும் வெளியே இருந்தது. 1750களின் தொடக்கத்தில் கும்பினியின் சிப்பாய்கள் நிலையான பட்டாளங்களாக அமைக்கப்படவில்லை. அந்த ஒழுங்கு 1758–59 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன் ஒரு தலைவர் தன் ஆட்களோடு வந்து சேருவார். கூலி மொத்தமாக அவர் கையில் போகும். அவர் பிரித்துக் கொடுப்பார். இத்தனை ஆள், இத்தனை ரூபாய் என்பதே கும்பினிக்குப் போதுமான கணக்கு. ஆள் குறைந்தால் எண் குறையும், அவ்வளவுதான். ஆப்பிரிக்க வீரரின் நிலை இதைவிடக் கொடியது. அடிமையாக வந்தவருக்குக் கடலுக்கு அப்பால் வாரிசு என்று யாரையும் கும்பினி ஏற்கப்போவதில்லை. கணக்குத் தீர்க்க யாரும் கேட்கப்போவதும் இல்லை. சிப்பாய்த் தலைவர்களிலேயே பேர்பெற்ற யூசுப் கானை எடுத்துக்கொள்வோம். கும்பினிக்காகப் போரிட்டு, மதுரையை ஆண்டு, பிறகு கும்பினியையும் நவாபையும் எதிர்த்து, 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டவர் அவர். மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவருக்குக் கல்லறையும் பள்ளிவாசலும் இருக்கின்றன. கும்பினி கட்டியதா? அவரைத் தம்மவராக நினைத்த மக்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. எழுத வேண்டிய அவசியம் ஓர் அலுவலகத்துக்கு மட்டும் உரியதல்ல, ஒரு சமூகத்துக்கும் இருக்கலாம் என்பதற்கு அது சான்று. வாலிகண்டபுரத்து ஆப்பிரிக்கருக்கோ இங்கே அப்படிப்பட்ட சமூகமும் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். இந்து வீரர்களை எரித்தார்கள், புதைக்கவில்லை. கல்லறை இல்லாதபோது கல்லறைக் கல் எப்படி இருக்கும், இது வழக்கத்தின் வேறுபாடுதானே தவிர அநீதி அல்ல என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம் சான்றின் முன் நிற்பதில்லை. இங்கிலாந்தில் பிரைட்டன் நகருக்கு மேலே புல்வெளியில் சத்ரி என்ற வெண்பளிங்கு நினைவு மண்டபம் இருக்கிறது. முதல் உலகப் போரில் காயம்பட்டு அந்நகர மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்களைத் தகனம் செய்த இடம் அது. 1921 பிப்ரவரி 1இல் வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்து வைத்தார். தகனம் நடந்த இடம் தெரியும், நாள் தெரியும், யார் யார் என்ற பதிவும் உண்டு. ஆனாலும் மண்டபத்தில் பெயர்கள் இல்லை. 2010இல், 89 ஆண்டு கழித்து, 53 பேரின் பெயர்களையும் பொறித்த கல் அதன் அருகே வைக்கப்பட்டது. எரித்தது தடையாக இருந்திருந்தால் 2010இலும் தடையாகவே இருந்திருக்கும். ஈராக்கில் பாஸ்ரா நினைவிடம் இன்னும் வெளிப்படையான சான்று. இந்திய அதிகாரிகளுக்கு அங்கே பெயர். இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டும். அவர்களிலும் புதைக்கப்பட்ட முஸ்லிம்கள் இருந்தார்கள்; எண்ணிக்கை அவர்களுக்கும் சேர்த்துத்தான். 1917இல் அமைந்த ஏகாதிபத்தியப் போர்க் கல்லறை ஆணையம், பதவி, இனம், சமயம் பாராமல் ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு நினைவு என்ற கொள்கையை வைத்துக்கொண்டது. அக்காலத்துக்கு அது பெரிய கொள்கை, ஐயமில்லை. அதன் வழிவந்த ஆணையமே 2021இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை, இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து முதலிய நாடுகளைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டது. தவறு செய்த நிறுவனமே எண்ணிக் காட்டிய கணக்கு இது.

நம் பக்கத்துக்கே வந்தால், திருச்சி காந்தி மார்க்கெட் அருகே முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. அன்று பெரம்பலூரும் அரியலூரும் உடையார்பாளையமும் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்தவை. அந்தக் காலத்து ஊர் நினைவுப் பலகைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: இங்கிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். இரண்டு எண்கள், பெயர் ஒன்றும் இல்லை. போனவர்களின் வீடுகள் அந்தந்த ஊரிலேயே இருந்தபோதும் அவர்கள் பெயரை ஒருவரும் கேட்டு எழுதவில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த போர்க் கல்லறையில் நிலைமை வேறு. பராமரிக்க முடியாத பல ஊர்க் கல்லறைகளிலிருந்து எடுத்து வந்து அடக்கியவர்களையும் சேர்த்து, இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டோர் அங்கே தனித்தனிப் பெயர்க் கல்லோடு இருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்து, நாட்டின் பல பகுதிகளில் கவனிப்பற்ற கல்லறைகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இது என் வாதத்துக்கு முக்கியமான இடம். உடல் ஓர் ஊரில், பெயர் வேறோர் ஊரில். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. தூய மரியாள் ஆலய வளாகத்துப் பலகைக் கற்களே அந்த இடத்துக்கு உரியவை அல்ல. பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த பகுதியில் இருந்த பழைய இடுகாட்டின் கல்லறைகள் 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படைக்கு மறைவிடமாகிவிட்டன. முற்றுகை முடிந்ததும் கும்பினி அவற்றை இடித்து, கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டு வந்து பதித்தது. சென்னையின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலய வளாகத்தில் அந்தக் கற்களின் கீழ் அவற்றுக்குரியவர்கள் இல்லை. ஆகவே, புதைத்த இடம் தெரியாமல் எங்கே கல் வைப்பது என்ற கேள்விக்குச் சென்னைக் கோட்டையே பதில் சொல்லியாயிற்று.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி எழுவதே எனக்கு வருத்தம் தருவது. இறந்த வீரனுக்குக் கல் நடுவதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் என்று படிப்படியாக இலக்கணம் வகுத்தது தொல்காப்பியம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, ஆநிரை கவரும் பூசலில் இறந்த ஒருவனின் பெயரையும் ஊரையும் சொல்கிறது. செங்கம் பகுதியில் எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, அவன் பக்கத்தில் நின்று போராடிய கோவிவன் என்ற நாயும் பெயரோடு செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரைப் பொறித்த மண் இது. அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூரிலேயே ஒரு சான்று உண்டு. ஆலந்துறையார் கோயில் கல்வெட்டு ஒன்று, முதலாம் பராந்தகன் பாண்டியரையும் ஈழத்துப் படையையும் வேளூரில் வென்ற போரில் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார் படை நடத்தியதைச் சொல்கிறது. அந்த வெற்றிக்காகக் கொடை கொடுத்த நக்கன் சாத்தன் என்ற அவருடைய வீரனின் பெயரையும் சேர்த்தே சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டின் சாதாரணப் போர்வீரன் ஒருவன் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் பெயரோடு இருக்கிறான். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்வீரன் அதே வட்டாரத்தில் வெறும் எண்ணாக இருக்கிறான். இடையில் எழுத்து குறைந்ததா? காகிதம் மலையாகப் பெருகிய காலம் அது. எழுதியவர்களுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. கோயிலுக்கும் ஊருக்கும் தேவைப்பட்டது.

கடுமையான மறுப்பு இனித்தான். அவர்கள் யாருக்காகப் போரிட்டார்கள்? இரண்டு அயல் வணிகக் கும்பினிகளும் இரண்டு நவாபு வேட்பாளர்களும் நடத்திய பதவிச் சண்டையில் கூலிக்குத் துப்பாக்கி தூக்கியவர்களுக்கு மக்கள் பணத்தில் கல் எதற்கு? இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளவில்லை. அந்தப் படைகள் வயலை மிதித்தன, ஊரைச் சுரண்டின. வாலிகண்டபுரத்துக் குடிகள் அவற்றால் பட்ட துன்பம் அந்தக் கல்லிலேயே எழுதப்பட வேண்டும். ஆனால் போரின் நோக்கத்தைத் தூக்கிப் பார்த்துத்தான் இறந்தவனுக்கு நினைவு என்பது நம் மரபில் என்றும் இருந்ததில்லை. ஆநிரை கவரப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. வெட்சிக்கும் கரந்தைக்கும் ஒரே உளி. மாடு திருடப் போனவனைத் தியாகி என்று அந்தக் கல் சொல்லவில்லை. இன்னான், இன்ன ஊரான், இன்ன இடத்தில் பட்டான் என்று மட்டும் சொன்னது. அந்த அடக்கம் போதும். அடிமையாக வந்த ஆப்பிரிக்கனுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையும் இருக்கவில்லை என்பதை நினைத்தால், கூலிப்படை என்ற சொல் அவன் விஷயத்தில் பொருந்தவும் செய்யாது.

இன்னொரு மறுப்பு, இது காலனியத் துதியாகிவிடும் என்பது. சென்னையில் கும்பினிப் படைத் தளபதி நீலின் சிலையை அகற்ற 1927இல் தொண்டர்கள் சிறை சென்றார்கள். 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதைத் தெருவிலிருந்து எடுத்து அருங்காட்சியகத்துக்குள் வைத்தது. அது சரியான செயல். வென்றவனை மேடையில் ஏற்றிய சிலை அது. இறந்தவர்களின் பதிவு அப்படிப்பட்டதல்ல. வேலூரில் 1806 ஜூலை 10 எழுச்சியில் கொல்லப்பட்ட 69ஆம் படைப்பிரிவின் ஐரோப்பியருக்குக் கோட்டையை அடுத்த கல்லறைத் தோட்டத்தில் நினைவுச் சின்னம் உண்டு. எழுச்சி அடக்கப்பட்டபோது மாண்ட சிப்பாய்கள் சுமார் 350 பேர். அவர்களில் பலர் சுவரோடு நிறுத்திச் சுடப்பட்டார்கள். அவர்களுக்கு அன்று எதுவும் கிடைக்கவில்லை. விடுதலைக்குப் பிறகே தமிழ்நாடு அவர்களுக்குத் தூண் எழுப்பியது. கல்லறைத் தோட்டத்துச் சின்னத்தை இடித்துவிட்டு எழுப்பவில்லை. இரண்டும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஒரு பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டு யாரும் வேலூரை விட்டுப் போக முடியாது. ரஞ்சன்குடியில் இன்று உள்ள நிலைதான் துதிக்கு இடம் தருகிறது. எதுவும் எழுதப்படாததால், அந்தக் கோட்டைக்கு வருவோரிடம் கிளைவ் இங்கே சண்டையிட்டார் என்ற ஒற்றைப் பேச்சே மிஞ்சுகிறது. கிளைவ் இருந்த படையின் ஐரோப்பியர் இங்கே ஓடினார்கள், ஆப்பிரிக்கரும் நவாபின் ஆட்களும் நின்றார்கள் என்று ஒரு கல் சொன்னால் அந்தப் பேச்சு தானாக அடங்கும். அதோடு, மறு ஆண்டு 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி தோத்தாய் இதே வாலிகண்டபுரத்தில் கிளைவிடம் சரணடைந்ததையும், கோட்டைத் தலைவர் அவருக்கு அப்போது கதவு திறக்க மறுத்ததையும் சேர்த்து எழுதலாம். அதற்குச் சில நாளில் சந்தா சாகிபு தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அடைக்கலம் தேடிப் போய்த் தலையிழந்தார். அவர் பக்கம் நின்று இங்கே இறந்தவர்களுக்கும் அந்தக் கல்லில் இடம் வேண்டும்.

செலவைப் பற்றிய மறுப்பு பெரிதல்ல; ஒரு பலகைக் கல்லுக்கு ஆகும் தொகைதான். சட்டம்தான் கவனிக்க வேண்டியது. ரஞ்சன்குடிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி தேவை. ஆகவே கோட்டைக்குள் துறையே வைக்கும் விளக்கப் பலகையாகவோ, எல்லைக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் மாவட்ட நிர்வாகம் நடும் கல்லாகவோதான் அது அமைய முடியும். திருச்சி–சென்னை நெடுஞ்சாலை கோட்டையை ஒட்டியே போவதால் இரண்டாவது வழியே நல்லது, படிப்போர் மிகுதி. இறந்தவர் பெயரைப் பொறிப்பது இன்று நாட்டுக்குப் புதிதல்ல. 2019 பிப்ரவரி 25ஆம் நாள் டெல்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் போரிலும் படை நடவடிக்கைகளிலும் உயிர் நீத்த 25,000க்கும் மேற்பட்ட இராணுவத்தினரின் பெயர்கள் தனித்தனிக் கருங்கல் பலகைகளில் இருக்கின்றன. இந்தியா கேட் சுவர்களில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. பெயர் எழுதும் பழக்கம் நாட்டுக்குத் திரும்ப வந்துவிட்டது. அதன் எல்லையை 1751 வரை பின்னால் நகர்த்துவதுதான் பாக்கி.

பெயரே இல்லாமல் எதை எழுதுவது என்ற கடைசிக் கேள்விக்கு விடை, தெரிந்ததை எழுதுவது என்பதே. ஆண்டு, இடம், இரு தரப்பு, ஓர்ம் தரும் படைக்கணக்கு, நின்றவர் யார், விலகியவர் யார், இறந்தவர்களைத் தூக்கி வந்தவர் யார், அவர்களின் பெயரைக் கும்பினி எழுதி வைக்கவில்லை என்ற செய்தி. இவை யாவும் தமிழில், பெரிய எழுத்தில். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கும்பினிக் காலத்துக் கலந்தாய்வுக் குறிப்புகள் இருக்கின்றன. ஐரோப்பிய வீரர்களின் அடக்கப் பதிவுகளும் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போன ஆள் பட்டியல்களும் படிக்கக் கிடைக்கின்றன. பிரெஞ்சுத் தரப்பு ஆவணங்களும் உண்டு. சிப்பாய்த் தலைவர்களில் ஒரு சுபேதாரின் பெயரோ, காயத்துக்காக மானியம் கேட்ட ஒருவரின் மனுவோ அவற்றில் அகப்படக்கூடும். பெரம்பலூர், அரியலூர் அரசுக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு வேலை எனக்குத் தோன்றவில்லை. பிரைட்டனில் பெயர்கள் 89 ஆண்டு காத்திருந்து கல்லேறின. ரஞ்சன்குடிக் கல்லின் கீழ்ப்பாதியை வெட்டாமல் விட்டு வைக்க வேண்டும். கிடைக்கும் பெயர், சிப்பாயோ ஆப்பிரிக்கரோ ஐரோப்பியரோ, கிடைத்த வரிசையிலேயே அங்கே ஏறட்டும்.